காருக்கு அஞ்சு ஸ்டார், லைசென்ஸுக்கு எத்தனை?

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த மறுநாளே நம்ம ஆளுங்க ஆரம்பிக்கிற முதல் ஆராய்ச்சி, "என்ன கார் எடுக்கலாம்?" என்பதுதான். முன்னெல்லாம் இந்தப் பேச்சு மைலேஜ்ல தொடங்கி ரீசேல் வேல்யூவில் முடியும். இப்போ அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி வந்து உட்கார்ந்திருக்கு: "எத்தனை ஸ்டார்?" வீட்டுல பெரியவங்ககூடக் கேட்கிறாங்க. ரொம்ப நல்ல விஷயம். ஆனா அதே வீட்டுல யாராவது உங்ககிட்ட, "நீ மொத்தம் எத்தனை மணி நேரம் ஓட்டிக் கத்துக்கிட்டே? ராத்திரியில ஒரு தடவையாவது ஓட்டியிருக்கியா?" என்று கேட்டிருக்காங்களா?

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். கிராஷ் டெஸ்ட் வேணும், அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா நம்ம ரோட்டுல போற உயிர்களைக் குறைக்கணும்னா, அடுத்த கவனம் போக வேண்டியது ஓட்டப்போற ஆளுக்கு வைக்கிற டெஸ்ட் பக்கம். காரோட டெஸ்ட் வருஷா வருஷம் கஷ்டமாகிட்டே போகுது. ஆளோட டெஸ்ட் இன்னும் எட்டுப் போடறதுலயே நிக்குது.

ஸ்டார் என்ன சொல்லுது, என்ன சொல்லல?

2014 ஜனவரியில குளோபல் என்கேப் அமைப்பு, இங்க நல்லா விற்பனையான அஞ்சு சின்ன கார்களோட சோதனை முடிவுகளை வெளியிட்டுச்சு. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. எல்லாமே ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல். பெரியவங்களுக்கான பாதுகாப்புல அஞ்சுக்கும் ஜீரோ ஸ்டார். பெரிய சத்தம் ஆச்சு. 2017 அக்டோபர்ல இருந்து புது மாடல்களுக்கு மோதல் சோதனை சட்டப்படி கட்டாயமாச்சு. 2018 டிசம்பர்ல டாடா நெக்ஸான் அஞ்சு ஸ்டார் வாங்குச்சு. 2023 அக்டோபர் 1 முதல் நமக்குன்னே பாரத் என்கேப் வந்தாச்சு. ஜீரோவுல இருந்து அஞ்சுக்கு வரப் பத்து வருஷம்கூட ஆகல. மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு இதுல பெருமைதான்.

ஆனா அந்த டெஸ்ட்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துல, முன்பக்கத்துல 40 சதவீதம் மட்டும் படற மாதிரி, நசுங்கக்கூடிய ஒரு தடுப்பில் மோதும். பக்கவாட்டு டெஸ்ட்ல 50 கிலோமீட்டர் வேகத்துல ஒரு டிராலி வந்து இடிக்கும். உள்ள உட்கார்ந்திருக்கிற டம்மி எப்பவும் சீட் பெல்ட் போட்டிருக்கும். அது குடிச்சிருக்காது, போன் பார்க்காது, தூங்காது.

முதல் செமஸ்டர் பிசிக்ஸை ஞாபகப்படுத்திக்கோங்க. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 64-க்குப் பதிலா 90-ல போனா, மோதும்போது கார் தாங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 128-ல போனா நாலு மடங்கு. ஸ்டிக்கர்ல இருக்கிற ஸ்டார் மட்டும் அப்படியேதான் இருக்கும். 2025 அக்டோபர்ல திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலத்துல, உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டர், நடுவுல ஒரு சிக்னல் கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு அங்க 64-ல போறவங்க எத்தனை பேர்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

2022 செப்டம்பர் 4. டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் நடந்த கார் விபத்தில் இறந்தார். அவர் போன மெர்சிடிஸ் ஜிஎல்சி, யூரோ என்கேப்ல அஞ்சு ஸ்டார் வாங்கின மாடல். பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் போட்டிருக்கல. அந்த வருஷம் மட்டும் பெல்ட் போடாம இறந்தவங்க நாட்டுல 16,715 பேர் என்கிறது ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதுல 8,331 பேர் கூட உட்கார்ந்து வந்தவங்க. காசு கொடுத்து வாங்கின பாதுகாப்பை ஒரு கிளிக் சத்தம் இல்லாததால வீணாக்கியிருக்கோம்.

காருக்கு வெளியே இருக்கறவங்க

இன்னும் பெரிய கணக்கு ஒண்ணு இருக்கு. அதே 2022 அறிக்கைப்படி, நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதுல டூவீலர்ல போனவங்க 44.5 சதவீதம். நடந்து போனவங்க 19.5 சதவீதம். கார், டாக்ஸி, வேன் மாதிரி வண்டிகளுக்குள்ள இருந்தவங்க 12.5 சதவீதம்.

இறந்த மூணு பேர்ல கிட்டத்தட்ட ரெண்டு பேர், எந்த ஸ்டாரும் இல்லாத வண்டியில போனவங்க, இல்லைன்னா வண்டியே இல்லாம நடந்தவங்க. பைக்குக்கு ஸ்டார் ரேட்டிங் கிடையாது. சத்தி ரோட்டுல டிவிஎஸ் எக்ஸ்எல்-ல பால் கேன் கட்டிக்கிட்டு சொசைட்டிக்குப் போற அப்புச்சிக்கு எந்த ஏர்பேக் விரியும்? பொள்ளாச்சி ரோட்டுல சந்தைக்கு நடந்து போற அக்காவுக்கு எந்த கிரம்பிள் ஸோன்? அவங்களோட பாதுகாப்பு முழுக்க, எதிர்ல ஸ்டீயரிங் பிடிச்சிருக்கிற ஆளோட கண்ணுலயும் காலுலயும் இருக்கு. அந்த ஆளை ரோட்டுக்கு அனுப்பினது ஒரு லைசென்ஸ். அதனாலதான் லைசென்ஸைப் பத்திப் பேசறேன்.

தமிழ்நாட்டுக் கணக்கையும் பார்த்திடுங்க. 2022-ல விபத்து எண்ணிக்கையில் நாமதான் நாட்டுலயே முதலிடம்: 64,105. இறந்தவர்கள் 17,884. ஒரு நாளைக்கு 49 பேர். ஒரு பஸ்ஸுல எல்லா சீட்டும் நிறைஞ்சா எத்தனை பேரோ, தினமும் அத்தனை பேர்.

எட்டுப் போட்டா எல்லாம் தெரியுமா?

லைசென்ஸ் எடுத்த கதை உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்கும். டூவீலர்னா காலைக் கீழ ஊனாம ஒரு எட்டு. கார்னா கிரவுண்டுல கொஞ்ச தூரம் முன்னால, கொஞ்ச தூரம் பின்னால, ஒரு திருப்பம். அந்த எட்டு பேலன்ஸைச் சோதிக்குது, அது தப்பில்ல. ஆனா உக்கடத்துல பஸ்ஸுக்குப் பின்னாடி இருந்து திடீர்னு ஒருத்தர் ரோட்டைக் கடக்கும்போது என்ன பண்ணணும்? எதிர்ல ஹை பீம் அடிச்சுக்கிட்டு வர்ற லாரிக்கு எப்படி வழி விடணும்? இரு வழிச் சாலையில ஓவர்டேக் பண்ண எவ்வளவு தூரம் காலியா வேணும்? இந்த எதையும் அந்த எட்டு கேட்காது. சென்சார் வெச்ச தானியங்கி டிராக் வந்தாலும், அது அளக்கப்போறது கோட்டைத் தொட்டியா இல்லையான்னு மட்டும்தான்.

டிரைவிங் ஸ்கூலுக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகள்ல பாடத்திட்டம் இருக்கு. சொந்த உபயோக வண்டிக்குக் குறைஞ்சது 21 நாள் பயிற்சி, அதுல 10 மணி நேரம் நிஜமா ஓட்டணும். நான் கத்துக்கிட்ட இடத்துல (பேர் வேண்டாம்) ஒரே கார்ல மூணு பேர் ஏறி, ஆளுக்கு இருபது நிமிஷம் பிரிச்சுக்குவோம். "கிளட்ச்சை மெதுவா விடு கண்ணு" என்று அன்பாத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. அவங்க காலடியிலயும் ஒரு பிரேக் இருந்ததால எனக்குப் பயமும் இல்ல. ஆனா பைபாஸ் பக்கம் ஒரு நாள்கூடப் போகல. இருட்டினதுக்கு அப்புறம் கிளாஸ் கிடையாது. மழை வந்தா அன்னிக்கு லீவு. மழையில எப்படி ஓட்டறதுன்னு எந்த நாள்ல கத்துக்கறது?

இது என் ஒருத்தரோட அனுபவம், இதை வெச்சே எல்லாத்தையும் முடிவு பண்ணிட முடியாது. அதனால ஒரு ஆய்வைச் சொல்றேன். 2004-05ல டெல்லியில லைசென்ஸுக்கு விண்ணப்பிச்ச 822 பேரை நாலு பொருளாதார ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தாங்க. செந்தில் முல்லைநாதன் அதுல ஒருத்தர். சில பேருக்கு, சீக்கிரம் லைசென்ஸ் வாங்கினா பரிசுன்னு சொன்னாங்க. சில பேருக்கு இலவசமா டிரைவிங் கிளாஸ் கொடுத்தாங்க. லைசென்ஸ் கைக்கு வந்ததும், சொல்லாம கொள்ளாம அவங்களே ஒரு டிரைவிங் டெஸ்ட் வெச்சாங்க. அதாவது, லைசென்ஸுக்கே ஒரு கிராஷ் டெஸ்ட்!

2007-ல வெளியான முடிவு: லைசென்ஸ் வாங்கினவங்கள்ல 71 சதவீதம் பேர் அரசு டெஸ்ட்டுக்கே போகல. 62 சதவீதம் பேர் வண்டி ஓட்டத் தகுதியே இல்லாதவங்க. ஏஜென்ட் மூலமா போனவங்க சுலபமா வாங்கிட்டாங்க. எனக்கு ரொம்ப உறுத்தினது வேற. ஒழுங்கா டெஸ்ட்டுக்குப் போனவங்களை, நல்லா ஓட்டினாலும் ஓட்டாட்டியும், இஷ்டத்துக்கு ஃபெயில் பண்ணியிருக்காங்க. நல்லா கத்துக்கிட்டதுக்கு எந்தப் பலனும் இல்லைன்னா, யாரு கஷ்டப்பட்டுக் கத்துக்குவாங்க? அது இருபது வருஷத்துக்கு முந்தைய டெல்லி, இப்போ நிறைய ஆன்லைன் ஆயிடுச்சுன்னு நீங்க சொல்லலாம். அப்ளிகேஷன் ஆன்லைன் ஆச்சு, ஒத்துக்கறேன். டெஸ்ட்ல கேட்கிற கேள்வி மாறிச்சா?

நம்ம ஃபார்முலா டீம்ல இருக்கிற பசங்களைக் கேளுங்க. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேல நடக்கிற ஃபார்முலா பாரத் போட்டிக்கு, மாணவர்களே கட்டின காரைக் கொண்டு போவாங்க. காரை 60 டிகிரி சாய்ச்சுப் பார்ப்பாங்க. பிரேக் அடிச்சா நாலு வீலும் லாக் ஆகணும். அதோட முடியல. முழு ரேஸ் உடையில, பெல்ட் எல்லாம் போட்டு உட்கார்ந்த டிரைவர், 5 விநாடிக்குள்ள காரைவிட்டு வெளிய வந்து காட்டணும். அங்க காருக்கும் டெஸ்ட் உண்டு, ஆளுக்கும் டெஸ்ட் உண்டு. எதிர்ல பஸ், மாடு, குழந்தை எதுவுமே வராத டிராக்குக்கே இவ்வளவு பண்றோம்.

கிளாஸ் மட்டும் போதுமா? போதாது

இங்க ஒரு நேர்மையான சிக்கல் இருக்கு. "அப்போ எல்லாருக்கும் கூடுதலா டிரைவிங் கிளாஸ் வெச்சா சரியாயிடும்" என்று நினைச்சுத்தான் நானும் படிக்க ஆரம்பிச்சேன். அது அவ்வளவு சுலபம் இல்ல. 1970-களின் கடைசியில அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் டிகால்ப் கவுன்டியில ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்களுக்கு மிகத் தீவிரமான பயிற்சி கொடுத்துப் பார்த்தாங்க. விபத்துல நிலைச்ச குறைவு எதுவும் இல்ல. நார்வேயில வழுக்கும் ரோட்டுல வண்டியைச் சமாளிக்கப் பயிற்சி கொடுத்தப்போ, இளைஞர்கள்கிட்ட அந்த வகை விபத்து குறையறதுக்குப் பதிலா கூடிச்சு. "எனக்குத்தான் தெரியுமே" என்கிற தைரியம் வந்துடுச்சு. நம்ம வயசைப் பத்தி நமக்கே தெரியும், விளக்கம் வேண்டாம்.

அப்போ எது வேலை செய்யுது? லைசென்ஸை ஒரே நாள்ல முழுசாக் கொடுக்காம, படிப்படியாக் கொடுக்கிறது. நியூசிலாந்து 1987-லயே இதைக் கொண்டு வந்துச்சு. ஆரம்பக் கட்டத்துல இருக்கிறவங்க ராத்திரி 10 மணியில இருந்து காலை 5 மணி வரைக்கும் தனியா ஓட்டக் கூடாது, கூட்டாளிகளை ஏத்திக்கிட்டுப் போகக் கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ்ல இளம் கற்றுநர்கள் 120 மணி நேரம் ஓட்டினதை லாக்புக்ல காட்டணும், அதுல 20 மணி நேரம் இரவுல. ஜெர்மனியில லைசென்ஸுக்கு முன்னாடி ஊருக்கு வெளியே 5, ஆட்டோபான்ல 4, இருட்டில் 3 என்று 12 சிறப்பு வகுப்பு கட்டாயம். நம்ம ஊர்ல எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆனா டெஸ்ட்டுக்குப் போகலாம். அந்த 30 நாள்ல வண்டியைத் தொட்டியான்னு யாரும் கேட்கறதில்ல.

2021-ல நம்ம அரசாங்கமும் ஒரு அடி எடுத்து வெச்சுச்சு. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம் என்று ஒரு திட்டம். கார் ஓட்ட நாலு வாரத்துக்குள்ள 29 மணி நேரப் பயிற்சி, சிமுலேட்டர், டெஸ்ட் டிராக் எல்லாம் உண்டு. நல்லது. ஆனா அங்க பாஸ் ஆனவங்களுக்கு ஆர்டிஓ டெஸ்ட்டுல இருந்து விலக்கு. சொல்லிக் கொடுக்கிறவங்களே பாஸும் போடறாங்க. இன்டர்னல், எக்ஸ்டர்னல் ரெண்டு மார்க்கையும் ஒரே சார் போட்டா, அதுவும் அவருக்கு ஃபீஸ் கட்டறது நாமளா இருந்தா, மார்க் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா? கத்துக் கொடுக்கிற கை வேற, டெஸ்ட் வைக்கிற கை வேறயா இருக்கணும்.

"ரோடு சரியில்ல, டிரைவரை எதுக்குத் திட்டறே?"

இந்தக் கேள்வியில நியாயம் இருக்கு. 1997-ல ஸ்வீடன் கொண்டு வந்த விஷன் ஸீரோ கொள்கையோட அடிப்படையே இதுதான்: மனுஷன் தப்புப் பண்ணத்தான் செய்வான், அந்தத் தப்புக்கு உயிரை விலையாக் கேட்காத மாதிரி ரோட்டையும் வண்டியையும் கட்டு. நம்ம கோயம்புத்தூர்லயே சிக்னலை எடுத்துட்டு யூ-டர்ன் வெச்சது ரோட்டை மாத்திப் பார்த்த முயற்சிதான்.

ஆனா லைசென்ஸ் முறையைச் சரி பண்ணச் சொல்றது டிரைவரைத் திட்டறது இல்ல. லைசென்ஸும் அந்த சிஸ்டத்தோட ஒரு பாகம்தான். தொப்பூர் கணவாயை எடுத்துக்கோங்க. 2024 ஜனவரி 24 அன்னிக்கு லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதி 4 பேர் இறந்தாங்க. அது முதல் விபத்தும் இல்ல. அந்த இறக்கத்துல டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல விடற பழக்கம் ஆபத்துன்னு போலீஸ் திரும்பத் திரும்பச் சொல்லுது. நியூட்ரல்ல விட்டா எஞ்சின் பிரேக்கிங் போயிடும், முழுச் சுமையும் பிரேக் டிரம் மேல விழும், அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். நமக்கு இது தெர்மல் பாடம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரித் தொழில்லயே வாழற பூமி இது. அந்த இறக்கத்துல எந்த கியர்ல இறங்கணும்னு ஹெவி லைசென்ஸ் டெஸ்ட் நிஜ ரோட்டுல கேட்டா, அந்தப் பழக்கம் இவ்வளவு நாள் நீடிக்குமா?

2020 பிப்ரவரி 20 அதிகாலை அவினாசி பக்கத்துல கேரள அரசு பஸ்ஸும் கண்டெய்னர் லாரியும் மோதி 19 பேர் இறந்ததை நம்ம பக்கத்து ஆளுங்க மறந்திருக்க மாட்டீங்க. லாரி டிரைவர் கண்ணசந்ததுதான் காரணம்னு கேரள மோட்டார் வாகனத் துறை சொல்லுச்சு. அதுக்கு ஸ்டாரும் உதவாது, எட்டும் உதவாது. எத்தனை மணி நேரம் ஓட்டினா நிறுத்தணும்னு டிரைவருக்கும் தெரியணும், நிறுத்தினா சம்பளத்தைப் பிடிக்காத முதலாளியும் வேணும். 1961-ஆம் வருஷ மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் சொல்லுச்சு. பயிற்சியால எல்லாம் தீரும்னு நான் சொல்லல.

சரி, என்ன பண்ணலாம்?

அரசாங்கத்துக்கிட்ட நாலு கேட்கிறேன். ஒண்ணு, கிரவுண்டு டெஸ்ட்டுக்கு அப்புறம் நிஜ டிராஃபிக்ல அரை மணி நேர டெஸ்ட், பைக்குக்கும் சேர்த்து. ரெண்டு, ராத்திரி, மழை, ஹைவே மூணையும் உள்ளடக்கின லாக்புக். மூணு, முதல் ஒரு வருஷம் கட்டுப்பாடுகளோட தற்காலிக லைசென்ஸ். இது நம்ம வயசுக்காரங்களைத்தான் முதல்ல பாதிக்கும்னு தெரிஞ்சேதான் கேட்கிறேன்.

நாலாவது, டிரைவிங் ஸ்கூல்களுக்கு ஸ்டார் ரேட்டிங். லைசென்ஸ் விவரம் எல்லாம் சாரதி தளத்துல இருக்கு. விபத்து விவரங்களைப் பதிவு பண்ண ஐஐடி மெட்ராஸ் உருவாக்கின ஐராட் தரவுத்தளம் இருக்கு. யார் எந்த ஸ்கூல்ல கத்துக்கிட்டாங்க என்பதையும் பதிவு பண்ணி, இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா, எந்த ஸ்கூல் மாணவர்கள் அதிகமா மோதறாங்கன்னு தெரிஞ்சிடும். காரை ஜீரோவுல இருந்து அஞ்சுக்குக் கொண்டு வந்தது, எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்ட ஸ்டார்தான். ஸ்கூலுக்கும் அதே மருந்து வேலை செய்யும். சிஎஸ் பசங்களே, ஃபைனல் இயர் புராஜெக்ட் தேடிக்கிட்டிருந்தா இந்தாங்க.

அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். டிரைவிங் கிளாஸ்ல பாதி நாள் ஆனதும், "நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸ்ல கூட்டிட்டுப் போங்க, ஒரு நாள் ராத்திரி ஓட்டச் சொல்லிக் கொடுங்க" என்று கேளுங்க. கூடக் கொஞ்சம் காசு கேட்டா கொடுங்க, அலாய் வீலைவிடக் கம்மிதான் ஆகும். கார் எடுத்த முதல் மாசம், நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கோங்க. பின் சீட்டுல இருக்கிறவங்க பெல்ட் போடற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. பைக்ல பின்னாடி உட்கார்ற ஃப்ரெண்டுக்கும் ஹெல்மெட் வாங்குங்க. 2022-ல ஹெல்மெட் இல்லாம இறந்த 50,029 பேர்ல 14,337 பேர் பின்னாடி உட்கார்ந்தவங்க.

அஞ்சு ஸ்டார் கார் வாங்குங்க, தாராளமா. அது உங்களையும் உங்க குடும்பத்தையும் காப்பாத்தும். எதிர்ல எக்ஸ்எல்-ல வர்ற அப்புச்சியைக் காப்பாத்த வேண்டியது நீங்கதான்.

ஒத்துக்கலையா? கிராஷ் டெஸ்ட்தான் முதல்னு நினைக்கிறீங்களா? எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல போட்டுடலாம்.

– இறுதியாண்டு, மெக்கானிக்கல்